சப்வூஃபரில் சத்தமே வரவில்லை: ஆம்ப் விளக்கைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பாட்டு ஓடுகிறது, கதவு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன, டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் (சுருக்கமாக சப், பேஸ் எனும் அடிநாதத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) மட்டும் ஊமையாக இருக்கிறது. என் காரிலும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் கார்களிலும் இந்தப் பழுதைப் பல தடவை பார்த்துவிட்டேன். அதில் ஆம்ப் (சப்புக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) உண்மையிலேயே செத்துப்போயிருந்த தடவைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஊதிப்போன ஃபியூஸ், துருப்பிடித்த எர்த், கழன்ற வயர், இல்லாவிட்டால் செட்டில் (டாஷ்போர்டில் பாட்டு ஓட்டும் ஸ்டீரியோ) யாரோ மாற்றி வைத்த செட்டிங். அப்படியிருந்தும் பலர் முதலில் செய்வது புது ஆம்ப் வாங்குவதுதான். புதியதை அதே கெட்ட எர்த்தில் மாட்டுவார்கள், அதுவும் ஊமையாகவே இருக்கும். எதையும் கழற்றுவதற்கு முன்னால், எதையும் வாங்குவதற்கு முன்னால், அளந்து பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 55 வாட் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று (இரண்டு முனையிலும் வயர் வைத்தது), 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒன்று, ஓரடி வயர், உப்புத்தாள், ஃபோனிலிருந்து ஆர்.சி.ஏ. பின்னுக்கு (செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் பின்) போகும் ஒரு கேபிள். அப்புறம் ஆம்பில் போட்டிருக்கும் அதே அளவு ஃபியூஸ் இரண்டு.

பவர் கேபிளில் கைவைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். மறுபடி மாட்டும்போது மைனஸை கடைசியாக மாட்டுங்கள். ஃபியூஸ் 60 ஆம்பியர் என்றால் மாற்றும் ஃபியூஸும் 60 ஆம்பியர்தான். 80 போட்டால் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேபிள் எரியும் முன் ஃபியூஸ் போக வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கமே போகக் கூடாது.

சரி, செட்டை ஆன் செய்து, பாட்டை நடுத்தர வால்யூமில் ஓடவிட்டு டிக்கியைத் திறங்கள். ஆம்பின் விளக்கு என்ன நிலையில் இருக்கிறது? அங்கிருந்துதான் வழி பிரிகிறது.

## அறிகுறி 1: ஆம்பில் விளக்கே எரியவில்லை

ஆம்புக்கு உயிர் வர மூன்று வயர் வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடிமனான ப்ளஸ், காரின் உடலுக்குப் போகும் எர்த், செட் ஆன் ஆனதும் ஆம்பை எழுப்ப அங்கிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலேயே வையுங்கள். காரின் உடலில் வைத்துவிட்டால் எர்த் வயரில் உள்ள கோளாறு உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். சிவப்பு முனையை முதலில் ப்ளஸ் ஸ்க்ரூவிலும், பிறகு ரிமோட் ஸ்க்ரூவிலும் வைத்துப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருந்தால் இரண்டிலும் 12 முதல் 12.6 வரை காட்ட வேண்டும். ஓடினால் பெரும்பாலும் 13.5க்கு மேல்.

### ப்ளஸ் ஸ்க்ரூவில் வோல்ட் இல்லை

கறுப்பு முனையை மட்டும் எடுத்து, பெயின்ட் இல்லாத உடல் இரும்பில் வையுங்கள். இப்போது 12 வந்தால் ப்ளஸ் நன்றாக இருக்கிறது, எர்த்தான் அறுந்திருக்கிறது. அறிகுறி 2இல் எர்த்தைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறேன், அங்கே போய்விடுங்கள்.

அப்போதும் இல்லையென்றால் பானெட்டைத் திறங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில், சரியாகப் பொருத்தியிருந்தால் 45 சென்டிமீட்டருக்குள், கேபிளில் ஒரு ஃபியூஸ் பெட்டி இருக்கும். ஃபியூஸைக் கழற்றாமல், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, ஃபியூஸின் இரண்டு பக்கத்தையும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது.

கண்ணால் பார்த்து ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்களில் உள்ளே இருக்கும் பட்டை முழுதாகத் தெரியும், மூடியோடு சேரும் இடத்தில் மட்டும் விட்டிருக்கும். இதில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். அதேபோல ஃபியூஸ் பெட்டியில் கேபிளைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ, செம்பைப் பிடிக்காமல் ரப்பர் உறையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. கேபிளை இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் 12 வருகிறது, ஆனால் டிக்கியில் வரவில்லை என்றால் நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது யாரோ போட்ட இணைப்பு விட்டிருக்கிறது.

### புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போகிறது

மூன்றாவது ஃபியூஸை வீணாக்காதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஆம்பின் ப்ளஸ் ஸ்க்ரூவிலிருந்து கேபிளை எடுத்து, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக வையுங்கள். பிறகு ஃபியூஸ் போட்டு மைனஸை மாட்டுங்கள்.

ஆம்ப் இல்லாமலே ஃபியூஸ் போகிறதென்றால் கேபிள் எங்கோ காரின் உடலைத் தொடுகிறது. தேட வேண்டிய இடங்கள் குறைவுதான்: இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டை (ரப்பர் வளையம் இல்லாமல் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டிருக்கும்), சீட் நகரும் தண்டவாளத்தின் அடி, கதவுப்படிக்குக் கீழே பிளாஸ்டிக்கை இறுக்கிய ஸ்க்ரூ. ஆம்ப் இல்லாதபோது ஃபியூஸ் நிற்கிறது, ஆம்பை மாட்டியதும் போகிறது என்றால் ஆம்புக்குள் ஷார்ட். ப்ளஸ்ஸும் மைனஸும் எப்போதாவது மாற்றி மாட்டப்பட்டிருந்தாலும் இப்படி ஆகும். இது ரிப்பேர்க்காரரிடம் போக வேண்டிய இடம்.

ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ்களை மறந்துவிடாதீர்கள். அவற்றை வெளியே எடுத்து மீட்டரின் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்தால் பீப் சத்தம் வர வேண்டும்.

### ரிமோட் ஸ்க்ரூவில் வோல்ட் இல்லை

ஓரடி வயரை எடுத்து, ஆம்பின் ப்ளஸ் ஸ்க்ரூவிலிருந்து ரிமோட் ஸ்க்ரூவுக்கு ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வயர் எர்த் ஸ்க்ரூவில் பட்டுவிடாமல் கவனம். விளக்கு எரிந்து சப்பும் பேசினால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஆம்பும் சப்பும் நன்றாக இருக்கின்றன, செட்டிலிருந்து வரும் மெல்லிய வயரில்தான் பிரச்சினை. இந்தத் தற்காலிக வயரை அப்படியே விட்டுவிட்டால் ஆம்ப் இரவும் பகலும் ஆனிலேயே இருக்கும், காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

செட்டின் பின்னால் ரிமோட்டுக்கு வழக்கமாக நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் இருக்கும். முழு நீல வயர் ஆன்டெனாவுக்கானது. சில செட்டுகளில் அது ரேடியோ ஓடும்போது மட்டும் 12 வோல்ட் தரும். ரேடியோவில் சப் அடிக்கிறது, புளூடூத்துக்கு மாற்றியதும் ஆம்ப் அணைந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் எதையும் அளக்க வேண்டியதில்லை, வயரை மாற்றி மாட்டினால் போதும்.

கார் கம்பெனி செட்டில் பெரும்பாலும் ரிமோட் வயரே இருக்காது. அங்கே வழக்கமாக ஸ்பீக்கர் வயரிலிருந்து ஆர்.சி.ஏ. எடுக்கும் கன்வர்ட்டர்தான் ரிமோட்டும் தரும். கன்வர்ட்டருக்குப் போகும் 12 வோல்ட்டையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

### ப்ளஸ், ரிமோட் இரண்டிலும் 12 வோல்ட் வருகிறது, விளக்கு மட்டும் இல்லை

இந்த இடத்தில்தான் நல்ல ஆம்ப்கள் அநியாயமாகத் தூக்கி எறியப்படுகின்றன. மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆகவே ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் கேபிளும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். ஆம்ப் இழுக்கத் தொடங்கியதும் அந்த 12 காணாமல் போகும்.

ஹெட்லைட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயரை ஆம்பின் ப்ளஸ் ஸ்க்ரூவிலும் மற்றதை எர்த் ஸ்க்ரூவிலும் தொடுங்கள். 55 வாட் பல்பு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்து, அதே நேரத்தில் மீட்டரும் 12க்குப் பக்கத்தில் நின்றால் ப்ளஸ்ஸும் எர்த்தும் நம்பத் தக்கவை. அதற்குப் பிறகும் ஆம்ப் இருட்டாக இருந்தால் கோளாறு ஆம்புக்குள்தான். பல்பு மங்கலாக எரிந்தாலோ மீட்டர் சரிந்தாலோ ஆம்பைத் தொடாதீர்கள். ஃபியூஸ் பெட்டி, எர்த், பேட்டரி முனை மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பல்பின் கண்ணாடி சீக்கிரம் சூடாகும், கார்பெட்டில் வைக்காதீர்கள்.

## அறிகுறி 2: சிவப்பு விளக்கு, அதாவது புரொடெக்ட்

சிவப்பு எரிந்தால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். யாரிடமிருந்து என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

### ஆன் செய்த உடனே சிவப்பு

செட்டை அணையுங்கள். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள்.

சிவப்பு போய்விட்டால் தப்பு சப் பக்கம் இருக்கிறது. முதலில் ஆம்பின் ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களை உற்றுப் பாருங்கள். ப்ளஸ் வயரின் ஒரு மெல்லிய இழை வெளியே நீட்டிக்கொண்டு மைனஸைத் தொட்டாலே போதும், சிவப்பு வந்துவிடும். அடுத்து, கழற்றிய ஸ்பீக்கர் வயரின் ஒவ்வொரு முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே கன்டினியூட்டி பாருங்கள். பீப் வரவே கூடாது. வந்தால் வயர் எங்கோ நசுங்கி உடலைத் தொடுகிறது.

பிறகு ஓம், அதாவது மின்தடை. ஒரு 4 ஓம் காயிலை (சப்புக்குள் இருக்கும் செம்புச் சுருள்) மீட்டரில் வைத்தால் சரியாக 4 காட்டாது, 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரிதான். 1 ஓமுக்குக் கீழே, கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் காயில் உருகி ஒட்டியிருக்கிறது. இரட்டைக் காயில் சப் என்றால் எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு 4 ஓம் காயில்களை இணையாகப் போட்டால் 2 ஓம், தொடராகப் போட்டால் 8 ஓம். பிரிட்ஜ் செய்யப்பட்ட (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) பல ஆம்ப்கள் 4 ஓமுக்குக் கீழே போனால் தாங்காது. ஆம்பின் அடியிலோ கையேட்டிலோ அந்தக் குறைந்தபட்ச எண் இருக்கும். சப்பை வேறொருவர் மாட்டிக் கொடுத்திருந்தால் இதை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடாமல் அளந்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் வயர் இல்லாமலும் சிவப்பு இருந்தால், அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. பின்களைக் கழற்றி ஆன் செய்யுங்கள். இப்போது சரியானால் ஆர்.சி.ஏ. கேபிள் எங்கோ நசுங்கியிருக்கிறது, அல்லது செட்டின் வெளியீட்டில் கோளாறு. ப்ளஸ், எர்த், ரிமோட் மூன்று மட்டும் இருக்கும்போதும் சிவப்பு எரிகிறது, வோல்ட்டேஜும் 12க்கு மேல் இருக்கிறது என்றால் ஆம்பின் உள்பாகங்கள் போயிருக்கின்றன. ரிப்பேருக்குக் கொடுங்கள்.

### பேஸ் அடிக்கும்போது மட்டும் சிவப்பு, அல்லது ஆம்ப் அணைந்து எரிகிறது

சின்ன வால்யூமில் பாடும், ஏற்றினால் ஒவ்வொரு அடிக்கும் அணைந்துவிடும். என் முதல் காரில் இதுதான் நடந்தது. ஒரு கடையில் காட்டினேன். ஆம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்குக் கீழே கார் பெயின்ட் அப்படியே இருந்தது. போல்ட்டின் புரிகள் வழியாக மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் துருவேறி. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து மாட்டினேன். அதே ஆம்ப் அதற்குப் பிறகு பல வருடம் பாடியது. அன்றிலிருந்து யார் காரைப் பார்த்தாலும் என் கை முதலில் எர்த்துக்குத்தான் போகும்.

எர்த்தை ஓம் அளந்து முடிவு செய்ய முடியாது. சாதாரண மீட்டர்கள் இவ்வளவு சின்ன எதிர்ப்பைச் சரியாகக் காட்டுவதில்லை. மின்சாரம் ஓடும்போது எர்த்தில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று அளக்க வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து டிக்கி வரை ஒரு நீளமான மெல்லிய வயரை இழுத்து வாருங்கள். அதை மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்து, சிவப்பு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவில் வையுங்கள். டி.சி. வோல்ட். இன்ஜின் ஓடட்டும், ஆம்ப் எந்த வால்யூமில் தடுமாறுகிறதோ அந்த வால்யூமுக்கு ஏற்றுங்கள். 0.1, 0.2 வோல்ட் வந்தால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். 1 வோல்ட்டுக்கு மேல் போனால் கை வைத்துப் பாருங்கள், அந்த போல்ட் சூடாகவே இருக்கும்.

இதே அளவீட்டை ப்ளஸ் பக்கமும் செய்யலாம். பேட்டரி ப்ளஸிலிருந்து ஆம்பின் ப்ளஸ் ஸ்க்ரூவுக்கு எவ்வளவு வீணாகிறது என்று பார்த்தால் ஃபியூஸ் பெட்டியின் குற்றம் வெளியே வந்துவிடும்.

நல்ல எர்த் என்றால் எப்படி இருக்க வேண்டும்? ப்ளஸ் கேபிள் எவ்வளவு தடிமனோ அதே தடிமன். அரை மீட்டருக்கு மேல் நீளாமல். காரின் உடலோடு வெல்டு செய்யப்பட்ட கனமான தகட்டில். பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் லக் (கேபிள் முனையில் உள்ள வளையம்) நேராகப் பதிந்து, மேலே பல்லுள்ள வாஷர், இறுக்கிய பிறகு துருப்பிடிக்காமல் கிரீஸோ பெயின்ட்டோ ஒரு பூச்சு. சீட் பெல்ட் போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். எளிதாகக் கிடைக்கிறது என்று பலரும் அதில்தான் மாட்டுகிறார்கள். விபத்தில் உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட் அது, இடையில் ஒரு லக்கைச் சொருகி அதன் இறுக்கத்தைக் கெடுக்க வேண்டாம். எர்த்துக்கு ஓட்டை போடுவதற்கு முன் காருக்கு அடியில் பெட்ரோல் டேங்க் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்தும் ஃபியூஸும் நன்றாக இருந்து, இன்ஜின் ஓடும்போதே ஆம்பின் ப்ளஸ், எர்த் ஸ்க்ரூக்களுக்கு இடையே 12க்குக் கீழே சரிந்தால் கேபிளின் தடிமனையும் பேட்டரியின் வயதையும் பாருங்கள். ஒரு கணக்கு: உண்மையாக 500 வாட் தரும் டி வகை ஆம்ப், 80 சதவீதத் திறனில் 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் தடிமனாகத் தெரிந்தாலும், அதே தடிமன் செம்புக் கேபிள் கடத்தும் அளவுக்குக் கடத்தாது. நறுக்கிய முனையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். செம்புக் கேபிளிலும் மேலே வெள்ளீயம் பூசியிருப்பார்கள், எனவே உள்ளே சுரண்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

### அரை மணி நேரம் பாடிவிட்டுச் சிவப்பு

சூடு. ஆம்பைத் தொட்டால் கையை வைக்க முடியாது. சாமான்கள், துணிமூட்டை, கார்பெட் எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது. காற்று போக இடம் விடுங்கள். திறந்த இடத்திலும் இதே கதை என்றால் ஓம் மிகக் குறைவாக இருக்கிறது, அல்லது கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் பெருக்கும் அளவு) அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது மேலே சொன்ன எர்த்.

## அறிகுறி 3: விளக்கு நன்றாக எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

### முதலில் செட்டிங்

சித்தப்பா காரில் புது பேட்டரி போட்ட மறுநாளிலிருந்து சப் வேலை செய்யவில்லை. பேட்டரியைக் கழற்றியதில் செட்டின் அமைப்புகளெல்லாம் அழிந்து, சப்வூஃபர் வெளியீடு ஆஃப் ஆகியிருந்தது. சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. சர்வீஸுக்கு விட்டு வந்த பிறகோ பேட்டரி மாற்றிய பிறகோ தொடங்கிய பழுது என்றால் செட்டின் மெனுவைத்தான் முதலில் திறக்க வேண்டும்: சப் வெளியீடு ஆனில் இருக்கிறதா, சப் லெவல் அடிமட்டத்தில் இருக்கிறதா, பின்பக்க ஆர்.சி.ஏ.வில் மாட்டியிருந்தால் ஃபேடர் (சத்தத்தை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் அமைப்பு) முழுக்க முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா.

ஆம்பிலும் மூன்று இடம் பாருங்கள். ஃபில்டர் சுவிட்ச் ஹை பாஸில் இருந்தால் சப்புக்குப் போக வேண்டிய அடிநாதம் முழுக்க வெட்டப்பட்டுவிடும். அதை லோ பாஸுக்கு மாற்றி 80 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். கெயின் குமிழ் அடியில் இருக்கிறதா? முன்னால் டாஷ்போர்டில் ஒரு பேஸ் குமிழ் இருந்தால் அது பூஜ்யத்தில் இருக்கிறதா, அதன் கேபிள் ஆம்பில் செருகியிருக்கிறதா? டிக்கியில் சாமான் ஏற்றும்போது மோதி இவை நகர்வது சாதாரணம்.

### சிக்னல் வருகிறதா

ஆம்பை அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ.வைக் கழற்றி, ஃபோன் கேபிளை அங்கே செருகுங்கள். ஆனில் வைத்துச் செருகினால் பெரிய அடி ஒன்று விழும், சப்புக்கு நல்லதல்ல. ஃபோன் வால்யூமைக் குறைவாக வைத்து ஆன் செய்து, மெல்ல ஏற்றுங்கள்.

ஃபோனில் சப் பேசினால் ஆம்பும் சப்பும் நலம். ஆர்.சி.ஏ. கேபிளோ செட்டோதான். வேறொரு ஆர்.சி.ஏ. கேபிளைச் சீட்டுக்கு மேலாகவே தற்காலிகமாக இழுத்துப் பாருங்கள். அப்போது வேலை செய்தால் கேபிளை மாற்றினால் தீர்ந்தது. இல்லையென்றால் செட்டின் வெளியீட்டை அளந்துவிடலாம்: 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆர்.சி.ஏ. பின்னின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் பாருங்கள். வால்யூம் ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். செட்டைப் பொறுத்து உச்சத்தில் 2 முதல் 4 வோல்ட் வரை போகும். அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் செட்டின் அந்த வெளியீடு போய்விட்டது. இன்னொரு வெளியீடு இருந்தால் அதில் மாற்றிச் செருகி ஓட்டலாம், செட்டையே மாற்ற அவசரம் இல்லை.

### ஆம்பிலிருந்து வெளியே வருகிறதா

ஃபோனிலும் சத்தம் இல்லை. அதே 50 ஹெர்ட்ஸ், அதே ஏ.சி. வோல்ட், இப்போது ஆம்பின் ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களில். சில வோல்ட்டுகள் வந்து, வால்யூமோடு ஏறி இறங்கினால் ஆம்ப் தன் வேலையைச் செய்கிறது. மிச்சம் வயரும் சப்பும்தான். உள்ளே சிக்னல் போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் ஆம்பை ரிப்பேருக்கு அனுப்புங்கள்.

### சப்பே போய்விட்டதா

பாக்ஸின் டெர்மினலில் வயரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். மீட்டர் ஓ.எல். (அளவைத் தாண்டிய தடை, அதாவது இணைப்பே இல்லை) என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே காயில் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சப்பைப் பாக்ஸிலிருந்து கழற்றி, சப்பின் சொந்த டெர்மினலிலேயே மறுபடி அளந்து பாருங்கள். பாக்ஸுக்குள் போகும் வயரின் கிளிப் அதிர்வில் கழன்று விழுந்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிளிப்பைக் குறடால் நெருக்கி மாட்டினால் முடிந்தது.

சப்பின் டெர்மினலிலும் ஓ.எல். என்றால், டெர்மினலிலிருந்து கோனுக்கு (சப்பின் முன்னால் ஆடும் குழிவான தட்டு) போகும் பின்னல் வயரைப் பாருங்கள். கோன் ஆடி ஆடி அது மடியும் இடத்தில் அறும். மீட்டரை வைத்தபடியே இரண்டு உள்ளங்கைகளாலும் கோனை நேராக மெதுவாக அமுக்குங்கள். எண் வந்து வந்து போனால் பின்னல் வயர். அதைப் பற்றவைக்கலாம். அமுக்கும்போது உள்ளே கரகரவென்று உரசினாலோ, கோனுக்குப் பின்னால் கருகல் வாடை வந்தாலோ காயில் எரிந்திருக்கிறது. காயில் மாற்றிக் கட்டுபவர் இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் சப் மாற்ற வேண்டியதுதான்.

ஓம் சரியாக இருக்கும்போது 1.5 வோல்ட் செல்லின் ப்ளஸை சப்பின் ப்ளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே நகர வேண்டும். இரட்டைக் காயில் சப்பில் இதை ஒவ்வொரு காயிலுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரு காயிலை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் இணைத்திருந்தால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும், கோன் அசையவே அசையாது. விளக்கு எரியும், வோல்ட் வரும், ஓம் சரியாகக் காட்டும், சத்தம் மட்டும் இருக்காது. எல்லாம் சரியாக இருந்தும் ஊமையாக இருக்கும் சப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். புதிதாக மாட்டிய அன்றே தொடங்கிய பழுது என்றால் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

### புது சப் மாட்டுவதற்கு முன்

காயில் எரிந்திருந்தால் அதை எரித்தது ஆம்பாகவே இருக்கலாம். பாட்டை நிறுத்தி, ஆம்ப் ஆனில் இருக்க, ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களில் டி.சி. வோல்ட் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் புது சப்பை அதில் மாட்டாதீர்கள், அதுவும் எரியும்.

## அறிகுறி 4: வருகிறது, போகிறது

பள்ளத்தில் இறங்கினால் வருகிறது, வளைவில் போகிறது. இது எங்கோ தளர்ந்த இணைப்பு. பாட்டை ஓடவிட்டு, ஆம்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் ஆட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் போகும் நேரத்தில் விளக்கைக் கவனிக்க வேறொருவர் இருந்தால் நல்லது. விளக்கும் சேர்ந்து அணைந்தால் ப்ளஸ், எர்த், ரிமோட் மூன்றில் ஒன்று. விளக்கு எரிந்தபடியே சத்தம் மட்டும் போனால் ஆர்.சி.ஏ.வும் ஸ்பீக்கர் வயரும். வயர் எல்லாம் உறுதியாக இருந்து, ஆம்பைத் தட்டினால் வருகிறது என்றால் உள்ளே பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கிறது. சப் பாக்ஸின் மேலேயே ஆம்பை ஸ்க்ரூ அடித்து வைத்திருக்கும் கார்களில் இது வெகு சீக்கிரம் வரும். பாக்ஸ் அதிர்வதை ஆம்ப் முழுக்க வாங்கிக்கொள்கிறது. ரிப்பேர் செய்த பிறகு வேறிடத்தில் மாட்டுங்கள்.

## எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

புகை, கருகல் வாடை, உருகிய உறை: பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அத்தோடு விட்டுவிடுங்கள். ஆம்பைத் திறந்து போர்டில் வேலை செய்வது, பழகிய கையும் கருவியும் உள்ளவருக்கானது. உள்ளிருக்கும் கண்டென்சர்கள் வயரைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கானவை, கழற்றவோ மீட்டர் வைக்கவோ கூடாது. கார் கம்பெனியே போட்ட ஆம்ப், செட்டோடு டிஜிட்டல் இணைப்பில் பேசிக்கொண்டால் மேலே சொன்ன ஆர்.சி.ஏ. சோதனைகள் அங்கே பொருந்தாது, அந்த கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஆம்ப் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பல்பு எரியும்போது ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு, ரிமோட்டில் எவ்வளவு, சப்பின் ஓம் எவ்வளவு, ஸ்பீக்கர் வயர் இல்லாமல் சிவப்பு எரிந்ததா இல்லையா. மேசையில் ஆம்ப் நன்றாகப் பாடி, காரில் மாட்டினால் ஊமையாகிறது என்று அவர் சொன்னால், அந்தத் தாளோடு மறுபடி எர்த் போல்ட்டிலிருந்து தொடங்குங்கள்.